கழிவு என்று எழுதிய பிஸ்கட்

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு ஓர் அரசாங்கப் படிவத்தின் ஆறாம் கேள்விக்கு நான் ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டேன். போடும்போதே சரியான விடை ‘ஆம்’ என்று எனக்குத் தெரியும். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்தால் நடுவில் எங்காவது நழுவவிட்டுவிடுவேன். என் புத்தி எனக்குத் தெரியும்.

இன்று ஞாயிறு, மாலை மணி ஏழு. வெளியே போய்விட்டு இப்போதுதான் வந்தேன். எங்கே போனேன் என்பது கடைசியில் வரும். நாள்வாரியாக எழுதினால்தான் எனக்கு எதுவும் ஒழுங்காக வரும்.

நான் வேலை பார்ப்பது ஒரு சின்ன பிஸ்கட் கம்பெனியில். இரண்டு அடுப்பு, இருபத்திரண்டு பேர். பேக்கிங் அறைக்கும் மேனேஜர் அறைக்கும் நடுவே, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் என் மேசை. எந்த மூட்டை மாவு எந்த பேட்ச்சுக்குப் போனது, எந்த பேட்ச் எந்தப் பெட்டியில் போனது, எந்தப் பெட்டி யாரிடம் போனது என்று எழுதிவைப்பது என் வேலை. திங்களும் புதனும் சாயங்கால வகுப்புக்குப் போய் உணவுச் சட்டம் படிக்கிறேன். அது பேக்கிங் அறைக்குத் தெரிந்த நாளிலிருந்து என் பெயர் ‘லாயரம்மா’.

“லாயரம்மா, என் டிபன் பாக்ஸத் திறந்து தின்னவனுக்கு எத்தன வருசம் குடுப்பாங்க?” என்று கேட்பார்கள்.

“என்ன வெச்சிருந்தீங்க அக்கா?”

“நேத்து வெச்ச குழம்பு.”

“அப்ப தின்னவருக்குத்தான் நஷ்டஈடு தரணும்.”

அவர்கள் சிரிக்கும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. முன்பெல்லாம் நான் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற ஆள் மட்டும்தான்.

எங்கள் கம்பெனியில் வெள்ளிக்கிழமைப் பை என்று ஒன்று உண்டு. வாரம் முழுக்க உடைந்த சாதா பிஸ்கட்டை, கடலை போட்டதை விட்டுவிட்டு, ஒரு நீலத் தொட்டியில் சேர்ப்பார்கள். வெள்ளிக்கிழமை வேலை முடியும்போது அதை ஆளுக்கொரு வெள்ளைப் பையில் போட்டு, பச்சை நூலால் கட்டி, கொடுப்பார்கள். பையில் பெயர் கிடையாது, தேதி கிடையாது, என்ன சேர்த்திருக்கிறது என்ற விவரம் கிடையாது. என் பதிவேட்டில் அது ‘கழிவு, 13 கிலோ’ என்று இருக்கும். குப்பைக்குப் போனதாக அர்த்தம். எனக்கு முன்பு இந்த மேசையில் இருந்தவர், “இது கழிவு இல்லையே, சாப்பிடுகிற பொருளைக் கழிவு என்று எழுதலாமா?” என்று ஒருநாள் கேட்டாராம். பையை மூன்று மாதம் நிறுத்திவைத்தார்கள். அந்த மூன்று மாதமும் பேக்கிங் அறையில் ஒருத்தரும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. டீ வரும், அவர் மேசைக்கு மட்டும் வராது. கடைசியில் வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு வந்தவள் நான். வந்த முதல் வெள்ளிக்கிழமையே கேள்வி கேட்காமல் ‘கழிவு’ என்று எழுதினேன். எனக்கும் ஒரு பை கிடைத்தது.

இப்போது நடந்ததற்கு வருகிறேன்.

இந்த வெள்ளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை, இரண்டாம் அடுப்பில் மதியம் வரை வேர்க்கடலை பிஸ்கட் ஓடியது. மதியத்துக்கு மேல் சாதா வெண்ணெய் பிஸ்கட். நடுவில் மாவுத் தொட்டியைக் கழுவினார்கள். ஆனால் தொட்டியின் அடியில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. அதைக் கழற்றிக் கழுவ வேண்டும். அன்று கழற்றவில்லை. அந்த வளையத்தில் ஒட்டியிருந்த வேர்க்கடலை மாவு முழுக்க அடுத்த பேட்ச்சில் கலந்துவிட்டது.

திங்கள். வெளி ஆய்வகத்திலிருந்து தாள் வந்தது. ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் ஒரு பாக்கெட் அங்கே போகும். சாதா வெண்ணெய் பிஸ்கட்டில் வேர்க்கடலை இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. கடலை ஒத்துக்கொள்ளாத ஒருவர் தின்றால் உதடு வீங்கும், தொண்டை அடைக்கும், உயிரும் போகலாம். நல்லவேளை, அந்த பேட்ச்சின் அறுபத்துநான்கு பெட்டியும் இன்னும் மொத்த வியாபாரியின் கிடங்கிலேயே இருந்தன. ஒரு பாக்கெட்கூடக் கடைக்குப் போகவில்லை. நானே போன் செய்து எண்ணச் சொன்னேன். இரண்டு தடவை எண்ணச் சொன்னேன்.

அந்த பேட்ச்சின் உடைசலும் போய்ச் சேர்ந்த நீலத் தொட்டி அப்போதே நினைவுக்கு வந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். வந்தது.

அன்று சாயங்காலம் வகுப்பு. ஆசிரியர் என்னைவிட நாலைந்து வயது மூத்த வக்கீல்; எந்நேரமும் ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே கரும்பலகையில் எழுதினார். ‘சந்தையில் இடுதல்’ என்றால் என்ன? விலைக்கோ, விலை இல்லாமலோ, எந்த வடிவத்திலும் உணவைப் பிறர் கைக்கு மாற்றுவது.

“விக்கிறது மட்டும் இல்ல,” என்றார். “ஓசில குடுக்கிறது, சாம்பிள் குடுக்கிறது, வேலைக்காரங்களுக்கு வீட்டுக்குக் கொண்டுபோகக் குடுக்கிறது, எல்லாம் இதுலதான் வரும். கைமாறுதா, அவ்வளவுதான் கேள்வி.”

நான் எழுதிக்கொண்டேன். ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டேன். அந்தப் பக்கம் இப்போதும் என் எதிரில் இருக்கிறது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் யாரிடமும் சொல்ல முடியாது.

செவ்வாய். மேனேஜர் கூப்பிட்டார்.

“வாம்மா லாயர். இந்தா, அரசாங்கப் படிவம், எட்டுப் பக்கம். முதல் பக்கத்துலயே எனக்குக் கண்ணு சொருகுது. இந்த விலக்கல், திரும்பப்பெறல், ரெண்டும் ஒண்ணா வேற வேறயா?”

“வேற சார். பொருள் இன்னும் கிடங்குல, கடையில இருந்தா விலக்கல். நாமளே எடுத்துக்கலாம், ஜனங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. ஆளுங்க கைக்குப் போயிருச்சுன்னா திரும்பப்பெறல். அப்ப பேப்பர்ல போடணும், நோட்டீஸ் ஒட்டணும், ஜனங்களுக்குத் தெரியிற மாதிரி சொல்லணும்.”

“அடேங்கப்பா. வகுப்புக்குக் கட்டின பணம் வீண் போகல. நமக்கு விலக்கல்தானே?”

“பெட்டி எல்லாம் கிடங்குலதான் சார் இருக்கு.”

அவர் கேட்டதற்கு அது பதில் அல்ல. அவருக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

ஆறாம் கேள்வி இதுதான்: இந்த பேட்ச்சின் ஏதேனும் ஒரு பகுதி நுகர்வோர் கைக்குச் சென்றுள்ளதா? பேனாவை எடுத்து யோசித்தேன். நான் எதையும் படிப்படியாக யோசிக்கிறவள். பொய்யையும் அப்படித்தான் யோசித்தேன். உடைசல், பதிவேட்டின்படி, கழிவு. கழிவு என்பது உணவு ஆகாது. உணவு ஆகாததைச் சந்தையில் இட முடியாது. ஆகவே ‘இல்லை’. ஒவ்வொரு படியும் தனியாகப் பார்த்தால் நிற்கிற மாதிரியே இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருபத்தோரு பேர் பிஸ்கட் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி என்னைப் பார்த்துக் கையாட்டினாள்.

டிக் போட்டேன்.

“படிவம் தயாரித்தவர்னு இருக்கு பாரு, அதுல நீயே கையெழுத்துப் போட்டிரு,” என்றார் மேனேஜர். போட்டேன். என் முழுப்பெயரையும் அரசாங்கத் தாளில் எழுதியது அதுவே முதல் தடவை. அழகாக வந்தது என்றுகூட நினைத்தேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அண்ணி டீயில் பிஸ்கட்டை நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள். பச்சை நூல் மேசை மேல் கிடந்தது.

“என்னடி, பேயறைஞ்ச மாதிரி பாக்கிற? உனக்கும் எடுத்து வெச்சிருக்கேன். பெருசா உடைஞ்சதெல்லாம் உனக்கு, தூள் எனக்கு. அண்ணிக்காரி அவ்வளவு நல்லவ.”

“அண்ணி, உங்களுக்குக் கடலை ஒத்துக்குமா?”

“கல்லைக் கொடுத்தாலும் ஒத்துக்கும். உங்க அண்ணனையே ஒத்துக்கிட்டேனே.”

சிரிக்க முடியவில்லை.  அன்று எனக்கு ஒரு யோசனை வந்தது. கெட்டிக்காரத்தனமான யோசனை என்று வேறு நினைத்துக்கொண்டேன். யாருக்கும் தெரியாமல், சத்தம் போடாமல், இருபத்திரண்டு பையையும் நானே தேடிப்பிடித்துவிடுவது. எல்லாம் கணக்கில் வந்துவிட்டால் டிக்கும் ஒருவகையில் உண்மையாகிவிடும் அல்லவா?

புதன். நோட்டில் இருபத்திரண்டு கோடு போட்டு, டீ வேளையில் பேக்கிங் அறைக்குப் போனேன். போன வெள்ளிக்கிழமைப் பையில் எடை சரியாக வந்ததா என்று பார்க்க வேண்டும், மீதி இருந்தால் கொண்டுவாருங்கள் என்று சொன்னேன்.

“உடைஞ்ச பிஸ்கட்டையும் திருப்பிக் கேக்கிற கம்பெனி இதுதான்டி.”

“நான் தின்னதைக் குடுக்க முடியாது லாயரம்மா. வேணும்னா என்னைத் தூக்கி எடை போட்டுக்கோ.”

“அவள வெச்சா தராசு தாங்குமா?”

கிண்டல் செய்துகொண்டேதான் எல்லாரும் சொன்னார்கள். பன்னிரண்டு பேர் தின்று முடித்துவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் இல்லை. என்னோடு சேர்த்து ஆறு பேரிடம் மீதி இருந்தது. மூன்று பேர் தெரிந்த வீட்டுக்குக் கொடுத்திருந்தார்கள். அங்கேயே போன் போட்டுக் கேட்கச் சொன்னேன், நன்றாக இருக்கிறார்கள். ஆக இருபத்தொன்று. மிச்சம் ஒன்றுதான். அது கத்திரி அக்காவின் பை. எதிராளி பேச்சை நறுக்கென்று வெட்டுவதால் அந்தப் பெயர். இரண்டாம் அடுப்பின் வாயில் நிற்பவர். அங்கே அவர் வைத்ததுதான் சட்டம். அன்று அவர் முறை மாறி மதியம்தான் வந்தார்.

“என் பையா? அது எப்பவோ போயிருச்சு,” என்றார். “வெள்ளிக்கிழமை பஸ்ல ஒரே கூட்டம். ஒரு பொண்ணு, கையில மூணு வயசுக் குழந்தை. அது கத்துற கத்துல டிரைவருக்கே காது போயிருக்கும். பைய எடுத்து நீட்டினேன். கப்புனு அழுகை நின்னுச்சு. அந்தப் பொண்ணு எந்திரிச்சு எனக்கு இடம் குடுத்தா. ஒரு பை பிஸ்கட்டுக்கு ஒரு சீட்டு. எப்படி என் வியாபாரம்?”

“யாருக்கா அவங்க?”

“யாருக்குத் தெரியும்? பஸ்ல பாத்ததுதான். நல்ல பொண்ணு, விவரமான பொண்ணு. வாங்கும்போதே கேட்டா, ‘இதுல கடலை இருக்காக்கா, பாப்பாவுக்கு ஆகாது’ன்னு. நான் சொன்னேன், இது நான் என் கையால கட்டினது, சாதா வெண்ணெய் பிஸ்கட், ஒரு பொட்டுக் கடலை கிடையாது, தைரியமா குடுன்னு.”

நான் நோட்டை மூடினேன். எழுத இருபத்திரண்டாவது கோட்டில் இடம் இருந்தது. என்ன எழுதுவது?

“ஏன்டி, முகம் ஏன் இப்படிப் போகுது?”

அவரைக் கை கழுவும் இடத்துக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன். ரப்பர் வளையம், ஆய்வகத் தாள், ஆறாம் கேள்வி, எல்லாம். கத்திரி அக்கா என் பேச்சை ஒரு தடவைகூட வெட்டவில்லை. குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது.

“என் வாயால சொன்னேனே,” என்றார் கடைசியில். “அவ கேட்டா. நான் சொன்னேன்.”

“உங்களுக்குத் தெரியாதுக்கா.”

“உனக்குத் தெரியும்ல?”

குழாயை மூடினேன்.

“நேத்தே தெரியும்ல? வெயிட்டு பாக்கணும்னு வந்து நின்ன. போ. போய் அந்த ஆள்கிட்ட சொல்லு.”

மேனேஜர் அதற்குள் கிளம்பிவிட்டிருந்தார். போன் செய்திருக்கலாம். அவருடைய நம்பர் என்னிடம் இருக்கிறது. நான் வகுப்புக்குப் போனேன். வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம், “ஒரு கம்பெனியில ஒரே ஒரு பை மட்டும் வெளிய போயிருந்தா?” என்று கேட்டேன்.

“ஒரு கம்பெனியிலயா?” என்று என்னைப் பார்த்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டார். “யார்கிட்ட போச்சுன்னு தெரியுமா?”

“தெரியாது.”

“அதுக்குத்தாங்க நோட்டீஸ். பேரு தெரிஞ்ச ஆளுன்னா ஒரு போன் போட்டுச் சொல்லிரலாமே, சட்டம் எதுக்கு?”

திரும்பப்பெறல் என்ற சொல்லுக்கு நான் நான்கு வரியில் விளக்கம் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். யாருக்காக அது என்று அந்த நான்கு வரியில் இல்லை. பஸ்ஸில் இடம் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே போன ஒரு பெண்ணுக்காக.

வியாழன். ஏழரைக்கே போய் மேனேஜர் அறை வாசலில் நின்றேன். சொன்னேன். அவர் முதலில் கோபப்படவில்லை; பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார்.

“கழிவுன்னு எழுதியிருக்கு.”

“ஆமா சார். நான் எழுதினது.”

“இந்த டிக்கு?”

“அதுவும் நான்தான் சார்.”

“உனக்குத் தெரியாமப் போட்டியா?”

“தெரிஞ்சுதான் சார்.”

அவர் நாற்காலியில் சாய்ந்து மேலே பார்த்தார். “தெரியாமன்னு சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?” என்றார். பிறகு போனை எடுத்தார். புதுப் படிவம், அதிகாரி அலுவலகம், முதலாளி என்று வரிசையாகப் பேசினார். அவரை நான் குறை சொல்லவில்லை. பேசிமுடித்துவிட்டு, “நாளைக்குப் பை கிடையாது. இனிமே எப்பவும் கிடையாது. அதை நீயே போய் அவங்ககிட்ட சொல்லு,” என்றார்.

சொன்னேன்.  அடுக்கிக்கொண்டிருந்த பிஸ்கட்டை அடுக்கிக்கொண்டே இருந்தார்கள். டீ வந்தபோது என் மேசைக்கு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கத்திரி அக்கா தன் டம்ளரைக் கொண்டுவந்து என் மேசையில் ணங்கென்று வைத்துவிட்டுப் போனார். மன்னித்து அல்ல, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

நோட்டீஸை நான்தான் எழுத வேண்டியிருந்தது. சட்டப்படி அதில் பொருளின் பெயர், பேட்ச் எண், பாக்கெட்டின் படம் எல்லாம் இருக்க வேண்டும். எங்கள் பையில் இவை எதுவும் கிடையாதே. முதலில், ‘முன்னெச்சரிக்கையாக, அறிவிக்கப்படாத ஒவ்வாமைப் பொருள் இருக்கக்கூடிய’ என்று ஆரம்பித்தேன். கத்திரி அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்.

“இது யாருக்கு? அந்தப் பொண்ணு குழந்தையத் தூக்கிட்டு பஸ் பிடிக்க ஓடுறவ. இத நின்னு படிப்பாளா?”

அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். ‘போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் ஒரு குழந்தைக்கு பிஸ்கட் கொடுத்தோம். வெள்ளைப் பை, பச்சை நூல். அதில் கடலை இல்லை என்று சொன்னோம். இருக்கிறது. கொடுக்காதீர்கள். இந்த நம்பருக்குப் பேசுங்கள்.’ அதற்குக் கீழே, சிறிய எழுத்தில், சட்டம் கேட்கிற சொற்கள்.

வெள்ளி. பத்திரிகையில் வந்தது. அந்தப் பஸ் நிற்கிற பதினேழு நிறுத்தத்திலும் நானும் கத்திரி அக்காவும் ஒட்டினோம். நான் பசை தடவினேன், அவர் ஒட்டினார். அதிகம் பேசவில்லை. பத்தாவது நிறுத்தத்தில், “கோணலா தடவாத,” என்றார். எனக்கு அதுவே பெரிதாக இருந்தது.

சனி. பதினொன்றரைக்கு என் மேசைப் போன் அடித்தது.

“பஸ் ஸ்டாப்புல ஒட்டியிருந்தீங்களே. பச்சை நூல் கட்டின பை.” பெண் குரல், மெதுவாக, பக்கத்தில் யாரோ தூங்குகிறமாதிரி. “அது எங்க வீட்டுல இருக்கு.”

“குழந்தை எப்படிங்க இருக்கு?”

“இப்ப பரவாயில்ல. தூங்குறா.”

 அவர் சொல்லச் சொல்லக் கேட்டேன்.

“அன்னிக்கு பஸ்ல ரெண்டு தின்னா. வீட்டுக்கு வந்ததும் உதடு தடிச்சிருச்சு. மருந்து குடுத்தேன், அடங்கிருச்சு. காலையில முட்டை குடுத்திருந்தேன், அதுதான் ஆகலன்னு மாமியார் சொன்னாங்க. கடலை இல்லன்னு அந்தக்கா அடிச்சுச் சொன்னதால நான் பிஸ்கட்ட நினைக்கவே இல்ல. முட்டைய நிறுத்திட்டேன்.”

“ம்.”

“புதன்கிழமை சாயங்காலம் பசின்னு அழுதா. மறுபடியும் குடுத்தேன். மூணு. நான்தான் ஊட்டிவிட்டேன்.”

புதன்கிழமை சாயங்காலம். செவ்வாய்க்கிழமை காலையில் ‘ஆம்’ என்று போட்டிருந்தால் புதன் காலைக்குள் நோட்டீஸ் ஒட்டியிருப்போம். அன்று பகல் முழுக்க அது அவர் பஸ் ஏறும் இடத்தில் இருந்திருக்கும். கணக்குப் போடாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், ஆனாலும் போட்டேன்.

“இந்தத் தடவை மூச்சு இழுத்துச்சு. ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில இருந்தோம். நேத்துதான் கூட்டிட்டு வந்தோம்.” குரலை இன்னும் தாழ்த்தினார். “வீட்டுல யாரும் என்கிட்ட பேசறதில்ல. ஒத்தப் புள்ளைக்கு என்ன குடுக்கணும்னு தெரியாதவன்னு மாமியார் சொல்லிட்டாங்க. அவ அப்பா தண்ணிகூட அவங்கம்மாகிட்டதான் கேக்கிறாரு. நானும் அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன். என்ன குடுத்தேன், என்ன குடுத்தேன்னு மண்டைய உடைச்சுக்கிட்டு.”

“தப்பு உங்களுது இல்லீங்க,” என்றேன். “எங்களுது.”

“அதை நீங்க போன்ல சொல்றீங்க. நான் போய்ச் சொன்னா, தப்பிக்கச் சொல்றேம்பாங்க. எழுதிக் குடுப்பீங்களா?”

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்திருந்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். இப்படிக் கேட்பார் என்று நினைக்கவில்லை. முகவரியைக் குறித்துக்கொண்டேன்.

மேனேஜரிடம் சொன்னதும் அவர் வக்கீலிடம் பேசினார். பிறகு கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். “பாரும்மா, ‘ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்’னு கம்பெனி லெட்டர் ஒண்ணு போகும். வைத்தியச் செலவையும் பாத்துக்குவோம். ஆனா தப்புங்கிற வார்த்தை மட்டும் எழுத்துல வரக் கூடாது.”

“அவங்க கேட்டது அந்த வார்த்தையத்தான் சார்.”

“கம்பெனி தாள்ல எழுத முடியாது.”

“என் தாள்ல எழுதுறேன் சார்.”

“நாளைக்கு ஏதாவதுன்னா அந்தத் தாள்தான் முதல்ல எடுத்து வெப்பாங்க. அதுல உன் பேருதான் இருக்கும். வேலையும் என் கையில இருக்காது. யோசிச்சுக்கோ.”

யோசித்தேன். பயமாகத்தான் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

ஞாயிறு, இன்று. காலையில் எழுத உட்கார்ந்தேன். முதல் தாளில் ‘சந்தையில் இடப்பட்ட’ என்று வந்தது, கிழித்தேன். இரண்டாவதில் என்னைப் பற்றியே ஒரு பக்கம் எழுதியிருந்தேன், எவ்வளவு வருத்தம், எவ்வளவு தூக்கமில்லை என்று. அது அவர்களுக்கு எதற்கு? அதையும் கிழித்தேன். மூன்றாவது இது:

‘உங்கள் வீட்டுக் குழந்தைக்கு அதன் அம்மா கொடுத்த பிஸ்கட்டில் வேர்க்கடலை இருந்தது. வாங்கும் முன் அவர் கேட்டார். இல்லை என்று எங்கள் கம்பெனி ஆள் சொன்னார். அவருக்கு உண்மை தெரியாது. முட்டையால் வந்ததல்ல. அம்மாவின் கவனக்குறைவால் வந்ததல்ல. தவறு எங்களுடையது. செவ்வாய்க்கிழமையே எனக்குத் தெரியும், நான் மறைத்தேன். அதனால்தான் இரண்டாம் தடவையும் நடந்தது.’

கடைசி இரண்டு வாக்கியத்தையும் எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். அவை இல்லாமலும் அந்தப் பெண் தப்பிவிடுவார். நானும்தான். அப்படியே விட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

நாலு மணிக்குக் கத்திரி அக்கா பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார். நான் வரச் சொல்லவில்லை. “வாயால சொன்னவ நான். நீ மட்டும் போய் நல்ல பேர் வாங்கிட்டு வரலாம்னு பாக்கிறியா?” என்றார்.

இரண்டாம் மாடி. கதவைத் திறந்தது மாமியார். உள்ளே அவர் மகன் தரையில் உட்கார்ந்து ஒரு பொம்மைக்குச் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தார். யார் என்று சொன்னேன். தாளைக் கொடுத்தேன். மாமியார் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, நின்றபடியே, உதட்டை அசைத்துப் படித்தார். பாதியில் உட்கார்ந்தார். திரும்ப மேலிருந்து படித்தார். மகனிடம் நீட்டினார். அவர் கைகளைத் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

“செவ்வாய்க்கிழமையே தெரியுமா உங்களுக்கு?” என்று கேட்டார்.

“தெரியும்.”

“புதன்கிழமை எம் பொண்ணு நீலமாயிட்டா. தெரியுமா?”

“அது நேத்துதாங்க தெரியும்.”

கத்திரி அக்கா என் முழங்கையைப் பிடித்தார். எதற்கு என்று தெரியவில்லை. ஓடிவிடாமல் இருக்கவோ, விழுந்துவிடாமல் இருக்கவோ.

குழந்தையின் அப்பா தாளை மடிக்கவில்லை. அப்படியே கையில் பிடித்துக்கொண்டு எழுந்து, உள்ளறை வாசலில் போய் நின்றார்.  பிறகு தன் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. அந்தப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கணவரின் முகத்தைப் பார்த்தார், கையிலிருந்த தாளைப் பார்த்தார், எங்களைப் பார்க்கவில்லை. குழந்தை தூக்கக் கலக்கத்தில் கத்திரி அக்காவை அடையாளம் கண்டு, இன்னும் ஏதாவது கொண்டுவந்திருக்கிறாரா என்று அவர் கைகளைப் பார்த்தது.